குப்பியில் இருந்தவன்

"ஒரு வாசனையை மறக்கணும், அம்மை. எப்படி மறக்கிறது?"

நீலாயி அம்மை கஞ்சிக் கொப்பரையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நாத்தமா?"

"இல்லை. ரொம்ப நல்ல வாசனை."

"அப்ப எதுக்கு மறக்கணும்?"

வந்தவன் இடுப்புத் துணி முடிச்சை அவிழ்த்துச் சுண்டுவிரல் உயரத்தில் ஒரு பளிங்குக் குப்பியை எடுத்தான். மெழுகு வைத்து அடைத்த குப்பி.

அம்மை கையை நீட்டினாள். முழங்கை வரை சாம்பல்.

அவன் சட்டென்று குப்பியைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"கை கழுவிட்டு வாங்க."

"கழுவினாக் குடுப்பியா?"

அவன் குப்பியை மறுபடி இடுப்பில் முடிந்துகொண்டான். அம்மை மறுபடி கொப்பரையைத் தேய்க்கத் தொடங்கினாள்.

அவன் பெயர் வைரவன். ஐம்பதைக் கடந்தவன். நாயக்கர்கள் ஆண்ட காலத்தில், ஒரு பாளையத்து அரண்மனையில் வாசனைத் திரவியம் கூட்டிக் கொடுக்கிற வேலை அவனுக்கு. கண்ணைக் கட்டிவிட்டுச் சந்தனக் கட்டையை மூக்கருகே நீட்டினால், எந்த மலையில் வெட்டிய மரம் என்று சொல்லிவிடுவான். அந்த மூக்குக்காகவே ஊரில் அவனுக்கு மரியாதை.

கூண்டில் அடைத்த புனுகுப் பூனையைக் கோலால் குத்திச் சீண்டினால் புனுகு கூடுதலாகச் சுரக்கும். மற்றவர்கள் அதை ஆளை வைத்துச் செய்வார்கள். வைரவன் தானே செய்வான். பூனை கத்துவது அவன் காதில் விழுந்ததே இல்லை. சுரப்பது மட்டும்தான் தெரியும்.

அம்மை அவனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். ஆற்றங்கரையில் இடிந்த மண்டபம் ஒன்றில் வழிப்போக்கர்களுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். உபதேசம் என்று உட்கார்ந்து எதுவும் சொன்னதில்லை. அப்படியும் நாலைந்து பேர் அவளை விட்டுப் போகாமல் அங்கேயே கிடந்தார்கள். பல்லக்கில் வருகிறவனும் அவளை அம்மை என்றுதான் கூப்பிடுவான். அவளும் யாராக இருந்தாலும் நீ என்றுதான் பேசுவாள்.

வைரவனும் போகாமல் தங்கிவிட்டான்.

யாரும் அவனைத் தங்கச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. விறகு கொண்டுவந்து போட்டான். கொப்பரைக்குத் தண்ணீர் சுமந்தான். பிறர் சாப்பிட்ட இடத்தைச் சாணம் போட்டு மெழுகினான். சாணத்தின் வாடையும் அவனுக்குத் தெரியவில்லை, கஞ்சியின் மணமும் தெரியவில்லை. புது மழை பெய்து மண் நனைந்த அன்று மற்றவர்கள் மூச்சை இழுத்து இழுத்து விட்டார்கள். அவன் சும்மா பார்த்துக்கொண்டு நின்றான்.

அவன் மூக்கில் இருந்தது ஒரே ஒரு வாசனை.

வேலை முடிந்ததும் புன்னை மரத்துக்குப் பின்னால் போய் உட்காருவான். மெழுகை நகத்தால் நெம்புவான். குப்பியை முகர்வான். கண் சொருகும். பிறகு மறுபடி மெழுகைச் சூடு காட்டி அடைத்து, இடுப்பில் முடிந்துகொண்டு வருவான். வரும்போது முகம் செத்துப்போயிருக்கும்.

ஒருநாள் கண்ணைத் திறந்தபோது எதிரில் அம்மை குந்தியிருந்தாள்.

"எனக்கும் காட்டு" என்றாள்.

இந்தத் தடவை கையைப் பின்னுக்கு இழுக்க அவனுக்குத் தெம்பில்லை. குப்பியை விடாமல் தானே பிடித்துக்கொண்டு, அவள் மூக்கருகே நீட்டினான்.

அம்மை முகர்ந்தாள். அவள் கண் தானாக மூடியது. சற்று நேரம் அப்படியே இருந்தாள்.

"ரொம்ப நல்லா இருக்கு."

வைரவன் உடம்பு குலுங்கியது. பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

அவன் அழுது ஓய்கிறவரை அம்மை காத்திருந்தாள்.

"யாராச்சும் நல்லா இருக்குன்னு சொல்லணும். அதுக்குத்தானே வந்தே?"

வைரவன் துண்டை இறக்கினான்.

"சொல்லு" என்றாள் அம்மை.

அவன் சொன்னான்.

சின்ன ராணிக்கு ஒரு பிள்ளை பிறந்து, பல் முளைக்கும் முன்னே இறந்துபோனது. பிள்ளை உச்சந்தலையைத் துடைத்த துணி ஒன்றை ராணி பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்திருந்தாள். திறந்து திறந்து முகர்ந்ததில் வாசனை தேய்ந்துகொண்டே வந்தது. திறக்காமலும் இருக்க முடியவில்லை. ஒருநாள் வைரவனைக் கூப்பிட்டு, பெட்டியை அவன் முன்னால் தள்ளினாள்.

"இது முழுசும் போறதுக்குள்ள எனக்கு இதைப் பிடிச்சுக் குடு" என்றாள்.

அவள் அதிகாரமாகச் சொல்லவில்லை. கெஞ்சினாள்.

வைரவன் துணியை முகர்ந்தான். அதுவரை அவன் கூட்டிய சந்தனமும் அகிலும் கஸ்தூரியும் அந்த ஒரு நொடியில் வெறும் தூளாகிப் போயின. பச்சைக் குழந்தையின் உச்சந்தலை. அதை யாராலும் கூட்டிச் செய்ய முடியாது. இருக்கிற இடத்திலிருந்து எடுத்தால்தான் உண்டு.

எடுக்கிற வழியையும் அவனே கண்டுபிடித்தான். நெய்யைத் தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவினால் அதன் சொந்த வாசம் போய், வெண்ணெயைப் போல வெளுத்துவிடும். அப்படிப்பட்ட நெய் எந்த வாசனையையும் வாங்கிக்கொள்ளும். அதைத் துணியில் பூசி, வேறு பச்சைப் பிள்ளைகளின் தலையிலும் உடம்பிலும் சுற்றி, காற்றுப் புகாத அறையில் வைத்தான்.

பிள்ளைகளை அரண்மனை வேலைக்காரிகள் கொண்டுவந்தார்கள். அரண்மனையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி அனுப்புகிறோம் என்று ஏழை வீடுகளில் சொன்னார்கள். தாய்மார்கள் சந்தோஷமாகக் கொடுத்தார்கள். பிள்ளைகளும் நல்லபடியாகத்தான் திரும்பிப் போயின. ஆனால் வாசனை வரவில்லை. கொஞ்சம் வரும். குழந்தை வீரிட்டு அழும், துணியை எடுத்துவிடுவார்கள். வந்த கொஞ்சமும் போய்விடும்.

"அடைமழை நாள் அது" என்றான் வைரவன். "குப்பத்துலேருந்து ஒரு ஆம்பளைப் பிள்ளையைக் கொண்டாந்தாங்க. காலையிலேயே துணியைச் சுத்திட்டேன். அன்னைக்குத்தான் வாசனை ஏற ஆரம்பிச்சுது. வேலைக்காரியை வெளியே போகச் சொல்லிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டேன்."

"பிள்ளை?"

"அழுதுது."

"அப்புறம்?"

"அழுகை நின்னுது." அவன் குரல் இறங்கியது. "நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன்."

ஆற்றில் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். கல்லில் துணி விழுகிற சத்தம் கேட்டது.

"சாயங்காலம் துணியை எடுத்தப்ப உடம்பு சில்லுன்னு இருந்தது. வேலைக்காரி பாத்துட்டுக் கத்தினா. நான் அவளைப் பாக்கலை, அம்மை. பிள்ளையையும் பாக்கலை. துணியைத்தான் பாத்தேன். வாசனை முழுசா வந்திருந்தது. நெய்யை வழிச்சு இந்தக் குப்பியில அடைச்சேன்."

"இதை ராணிக்குக் குடுக்கலையா?"

"வரலைன்னு சொல்லிட்டேன். குடுக்க மனசு வரலை. அன்னைக்கே அரண்மனையை விட்டு ஓடியாந்துட்டேன்."

அம்மை குப்பியைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"பேரு என்ன?"

"வைரவன்."

"உன் பேரைக் கேக்கலை."

அவன் விழித்தான்.

"தெரிஞ்சுக்கிட்டு வா" என்று சொல்லிவிட்டு அம்மை எழுந்து போனாள்.

குப்பம் கடலோரத்தில் இருந்தது. உப்பளத்தில் கூலி வேலை செய்கிறவர்களின் குடிசைகள். பிள்ளையை அரண்மனைக்குக் கொடுத்த வீடு எது என்று கேட்டதும் காட்டிவிட்டார்கள். அதை அங்கே யாரும் மறந்திருக்கவில்லை.

செங்காயி வாசலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மெலிந்த, சின்ன வயசுப் பெண். வைரவனை அவள் பார்த்ததில்லை. அவனும் அவளைப் பார்த்ததில்லை.

"தண்ணி வேணுமாய்யா?" என்று அவளே கேட்டாள்.

குடித்தான். நல்ல தண்ணீர் அங்கே அரிது. செம்பு நிறையக் கொடுத்திருந்தாள்.

"பிள்ளைங்க இருக்காம்மா?"

"ஒருத்தன் இருந்தான். போயிட்டான்." ஈயை விரட்டினாள். "அரமனையில கொண்டுபோயி வெச்சிருந்தாங்க. நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்களாம். எங்களுக்குத்தான் குடுத்து வைக்கலை. மூட்டை நெல்லுகூட அனுப்பினாங்க, பாவம்."

வைரவன் செம்பை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"பிள்ளை பேரு?"

"மூக்கன். இவனுக்கு முன்னாடி ரெண்டு பிள்ளை உயிரோட தக்கலைய்யா. அதனால இவன் பொறந்ததும் மூக்கு குத்தி, செம்புல வளையம் போட்டு மூக்கன்னு பேரு வெச்சோம். அப்படி வெச்சா எமன் கண்ணுல படாதுன்னு சொன்னாங்க."

சொல்லிவிட்டு அவள் தன் மூக்கைத் தொட்டுக்கொண்டாள்.

"என்ன, பிள்ளையைத் திருப்பிக் குடுத்தப்ப அந்த வளையத்தைக் காணோம். அது எங்கதான் போச்சோ."

வைரவன் செம்பைக் கீழே வைத்தான். செம்பு சாய்ந்து மிச்சத் தண்ணீர் மண்ணில் ஓடியது.

அந்த வளையம் அவனுக்குத் தெரியும். நெய்த் துணியைச் சுற்றும் முன் அவன்தான் அதைக் கழற்றினான். செம்பின் வாடை கலந்துவிடும் என்று கழற்றி, சன்னல் வழியாக மழையில் எறிந்துவிட்டுச் சன்னலைச் சாத்தினான்.

"என்னய்யா, மயக்கமா வருதா?" என்று செங்காயி எழுந்தாள்.

அவன் திரும்பி நடந்தான். குப்பம் கண்ணிலிருந்து மறைந்த பிறகு ஓடினான்.

மண்டபத்தில் அம்மை அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"மூக்கன்" என்றான் வைரவன்.

"மூக்கன்" என்று அம்மையும் ஒருதரம் சொன்னாள். கூப்பிடுவதுபோல இருந்தது.

அவன் வளையத்தைப் பற்றிச் சொன்னான். செங்காயி தண்ணீர் கொடுத்ததைச் சொன்னான். அரண்மனைக்காரர்களைப் பாவம் என்று அவள் சொன்னதைச் சொல்லும்போது குரல் உடைந்தது.

"நீ யாருன்னு சொன்னியா?"

"இல்லை."

"சரி. யாரோடதுன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு." அம்மை அகப்பையால் அவன் இடுப்பைச் சுட்டினாள். "அப்புறம் ஏன் அது இன்னும் உன் இடுப்புல இருக்கு?"

வைரவன் கை தன்னையறியாமல் முடிச்சைப் பொத்தியது.

"ஆத்துல போட்டுடறேன், அம்மை. இப்பவே போட்டுடறேன்."

"உன் சாமானா, நீ ஆத்துல போட?"

அடுப்பில் கஞ்சி பொங்கி வந்தது. அம்மை விறகை வெளியே இழுத்தாள்.

"கொண்டுபோய்க் குடுத்தா என்னை வெட்டிப் போட்டுடுவாங்க."

"வெட்டலாம்."

"நீங்களும் கூட வாங்களேன்."

"வழிப்போக்கருங்க வந்துருவாங்க. கஞ்சி இறக்கணும்."

அவன் கொப்பரையை இறக்க ஒரு கை கொடுத்தான். வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றினான். கடைசிக் கலயத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பினான். அம்மை அவனை நிறுத்தவும் இல்லை, வழியனுப்பவும் இல்லை.

இந்தத் தடவை செங்காயி உப்பளத்தில் இருந்தாள். அவள் புருஷன் மருதனும் இருந்தான். நீளக் கழி மாட்டிய பலகையால் அவன் உப்பை இழுத்துக் குவித்துக்கொண்டிருந்தான். வெயில் உப்பில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்தது.

"அன்னைக்கு மயக்கமா வந்த ஐயா" என்று செங்காயி புருஷனிடம் சொன்னாள். "உடம்பு சரியாயிடுச்சாய்யா?"

வைரவன் வரப்பில் நின்றான். உட்காரவில்லை. செருப்பைக் கழற்றினான். கையைக் கட்டிக்கொண்டு ஆரம்பத்திலிருந்து சொன்னான்.

பெட்டியைச் சொன்னான். நெய்யைச் சொன்னான். அடைமழையைச் சொன்னான். செம்பு வளையத்தை எங்கே எறிந்தான் என்று சொன்னான். அழுகை நின்றதும் நல்லது என்று நினைத்ததையும் விடாமல் சொன்னான்.

மருதனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கழியை இரண்டு கையாலும் தலைக்கு மேல் ஓங்கினான்.

வைரவன் நகரவில்லை.

"நில்லு" என்றாள் செங்காயி.

"இவன் சொன்னதைக் கேட்டியா நீ?"

"கேட்டேன். நில்லு."

அவள் வைரவன் எதிரில் வந்து நின்றாள்.

"ரொம்ப நேரம் அழுதானா?"

"மத்தியானம் வரைக்கும்."

"நீ அங்கேயேதான் இருந்தியா?"

"பக்கத்துலதான் இருந்தேன்."

"தூக்கினியா?"

"இல்லைம்மா."

செங்காயி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருதன் கழியை மெல்ல இறக்கினான். ஆனால் கையிலிருந்து விடவில்லை.

"எங்க அது?"

வைரவன் முடிச்சை அவிழ்த்தான். குப்பியை இரண்டு கையிலும் ஏந்தி நீட்டினான். விரல்கள் பிரிய மறுத்தன. அவள் ஒவ்வொரு விரலாக விலக்கி எடுத்துக்கொண்டாள்.

உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அவ்வளவு சின்னக் குப்பி. வெயிலில் உள்ளே இருந்த நெய் வெள்ளையாகத் தெரிந்தது.

"பொதைச்சப்ப முழுப் பிள்ளையும் உள்ள இருக்குன்னு நெனச்சுட்டேனே" என்றாள்.

அவள் அழவில்லை. குப்பியை முந்தானையில் சுற்றி மார்போடு வைத்துக்கொண்டு, உப்பளத்தைத் தாண்டி மேட்டுப்பக்கம் நடந்தாள். மருதன் அவள் பின்னால் போனான். சற்றுத் தூரம் போய்த் திரும்பி, வைரவனைப் பார்த்துத் தலையை அசைத்தான். வா என்று அர்த்தம்.

மேட்டில் ஒரு கள்ளிச் செடி நட்டிருந்தார்கள். அடியில் மூன்று சின்ன மண் குவியல்கள். செங்காயி கடைசிக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"தோண்டு" என்றாள்.

மருதன் குனியப் போனான்.

"நீ இல்லை. அவன் தோண்டட்டும்."

வைரவன் மண்டியிட்டான். மண்வெட்டி இல்லை. கையாலேயே தோண்டினான். மேலே உப்புப் பூத்து இறுகிப்போன மண். சந்தனத்தையும் பன்னீரையும் தொட்டுப் பழகிய விரல்கள். நகம் பெயர்ந்தது. பெயர்ந்த இடத்தில் உப்பு எரிந்தது. தோண்டினான். ஒரு முழம் ஆழம் போனதும் செங்காயி போதும் என்றாள்.

குப்பியை முந்தானையிலிருந்து எடுத்தாள். கவிழ்ந்துவிடாதபடி குழிக்குள் நேராக நிறுத்தினாள். சுற்றிலும் விரலால் மண்ணை அணைத்தாள். தொட்டிலில் பிள்ளையைச் சரிசெய்து படுக்கவைப்பதுபோல அவள் கை வேலை செய்தது.

மருதன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடலைப் பார்த்தான்.

"குழியை மூடிட்டுப் போயிடு" என்று வைரவனிடம் சொன்னான். "மறுபடி இந்தப் பக்கம் வராதே. வந்தா நான் பொறுப்பில்லை."

வைரவன் மண்ணை அள்ளினான். அள்ளிய கை குழிக்கு மேல் நின்றுவிட்டது. உலகத்தில் அப்படி ஒரு வாசனை இன்னொன்று கிடையாது என்று அவனுக்குத் தெரியும். அடைத்தது அடைத்தபடி மண்ணுக்குள் போகிறது. பெற்றவள் அதன் மெழுகைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

"அம்மா" என்றான். "ஒரே ஒரு தடவை மோந்து பாத்துடேன்."

செங்காயி நிமிர்ந்து பார்த்தாள். இந்த ஆளுக்கு இதுகூட விளங்கவில்லையே என்பதுபோல ஒரு பார்வை.

"எதுக்கு?" என்றாள். "எம்பிள்ளை வாசம் எனக்குத் தெரியாதா?"